ஒரு பிடி அரிசி

திருவண்ணாமலையில் நம்மைப் போன்ற மாதச் சம்பளக்காரர்களுக்கு முதல் தேதியில் மாதம் பிறக்கிறது. மற்றும் எத்தனையோ குடும்பங்களுக்கு அது பிறப்பது பௌர்ணமியில்தான். மலையைச் சுற்றியுள்ள 14 கிலோமீட்டர் பாதையில் அன்று இரவு லட்சக்கணக்கான ஜனங்கள் வலம் வருவார்கள். அந்த ஓர் இரவின் வியாபாரத்தை நம்பிப் பூக்காரிகளும், இட்டிலிக் கடைக்காரர்களும், ஆட்டோ ஓட்டுகிறவர்களும் ஜீவனம் நடத்துகிறார்கள். 2020-ம் வருஷம் மார்ச் மாதம் கொரோனா நோய் பரவியபோது சர்க்கார் கிரிவலத்தைத் தடை செய்தது. ஏறக்குறைய இரண்டு வருஷ காலம் பௌர்ணமிகள் வெறுமனே வந்து போயின.

நாம் குடியிருக்கும் தெருவில் இத்தகைய வீடுகளே அதிகம். ரேஷன் கடையில் அரிசி இனாமாகக் கிடைத்தது வாஸ்தவந்தான். ஆனால் பருப்புக்கும் எண்ணெய்க்கும் மருந்துக்கும் காசு வேண்டுமல்லவா? நமக்குச் சம்பளம் தவறவில்லை. ஆகவே நண்பர்கள் சிலருடன் சேர்ந்து மளிகைச் சாமான்களைப் பைகளில் போட்டு வீடு வீடாகக் கொண்டு போனோம். ஒவ்வொரு பையையும் கொடுக்கும்போது போட்டோ எடுத்துக் கொண்டோம் என்பதையும் வெட்கத்துடன் சொல்லிவிட வேண்டும். எதிர் வீட்டுப் பூக்கார அம்மாள் மட்டும் பையைத் தொடவில்லை. "பூ விற்றுச் சாப்பிட்டவள் நான். எனக்கு வேண்டாம், சார்" என்று கதவைச் சாத்திக் கொண்டாள். அவளுக்குக் கர்வம் என்று நாம் நினைத்தோம்.

அதே தெருவின் கோடி வீட்டில் ஓய்வு பெற்ற நர்ஸ் ஒருவர் தனியாக வசிக்கிறார். அவர் கிறிஸ்தவர். தெருவில் அவருக்கு 'நர்ஸம்மா' என்றே பெயர். மறுநாள் காலையில் அவர் காலிப் பாத்திரம் ஒன்றை ஏந்திக் கொண்டு பூக்கார அம்மாளின் வாசலில் நின்றார். கிரிவலப் பாதையில் பக்தர்கள் இடும் அன்னத்தையே நம்பியிருந்த சாதுக்கள் பட்டினி கிடப்பதாகவும், கஞ்சி காய்ச்சத் தம்மிடம் உள்ள அரிசி போதவில்லை என்றும் சொன்னார். "ஒரு பிடி போடம்மா. அடுப்பைப் பார்த்துக் கொள்ளவும் ஆள் இல்லை; நீயும் வந்தால் நன்றாயிருக்கும்" என்றார். நமக்குச் சாத்திய கதவு அவருக்குத் திறந்தது.

பிடி அரிசி என்பது தமிழ்க் கிறிஸ்தவக் குடும்பங்களில் வெகு காலமாக உள்ள வழக்கம். உலையில் அரிசி போடுமுன் வீட்டுப் பெண்கள் ஒரு பிடியை எடுத்துத் தனியே வைப்பார்கள். அது சேர்ந்ததும் சபைக்குக் காணிக்கையாகப் போகும். நர்ஸம்மா அந்த வழக்கத்தைத் தெருவுக்குக் கொண்டு வந்துவிட்டார். எல்லா வீட்டிலும் கேட்டார். இல்லாத வீட்டில் முதலில் கேட்டார். ஒரு வாரத்திற்குள் அவர் வீட்டு முற்றத்தில் பெரிய அடுப்பு எரியத் தொடங்கியது. பருப்பும் காய்கறியும் அவருடைய பென்ஷன் பணத்தில் வந்தன. சாதுக்களுக்குப் போனது போக மீதியை வேலை செய்தவர்கள் பங்கிட்டு எடுத்துச் சென்றார்கள். பூக்கார அம்மாளின் குழந்தைகளும் அதைச் சாப்பிட்டன. அதைப் பிச்சை என்று யாரும் சொல்ல முடியாது. அவள் வீட்டு அரிசியும் அதில் வெந்திருந்தது.

ஆயினும் நம் மனத்தில் ஒரு சந்தேகம் இருந்தது. சோற்றைக் காட்டி மதத்துக்கு ஆள் சேர்க்கிறார்கள் என்ற பேச்சு நம் தேசத்தில் புதிதல்ல; கோயில் நகரமாகிய இவ்வூரில் கேட்கவே வேண்டாம். ஒரு நாள் நர்ஸம்மாளிடம் நேராகவே கேட்டுவிட்டோம். அவர் கோபித்துக் கொள்ளவில்லை.

"கேட்க வேண்டிய கேள்விதான், வாத்தியார் தம்பி. என் வீட்டுக்காரர் காலமான அன்று பெட்டியைத் தூக்கியவர்கள் இந்தத் தெருப் பிள்ளைகள். ஒருவர்கூட என் சபையைச் சேர்ந்தவரல்ல. அன்று நான் வாங்கிக் கொண்டேன். ஏசுநாதர் கிணற்றடியில் சமாரியப் பெண்ணைச் சந்தித்தபோது முதலில் என்ன செய்தார் தெரியுமா? அவளிடம் தண்ணீர் கேட்டார்" என்றார்.

அக்காலத்து யூதர்கள் சமாரியரோடு புழங்குவதில்லை. ஒதுக்கப்பட்டவள் கையால் தண்ணீர் கேட்பதன் பொருளை நம் நாட்டாருக்கு விளக்க வேண்டியதில்லை. ஒரு மதத்தின் கொள்கையை இவ்வளவு எளிதாக அதற்கு முன் யாரும் நமக்குச் சொன்னதில்லை.

இந்த விஷயத்தை நம் பக்கத்திலேயே, ஒரு நூற்றாண்டுக்கு முன், இருவர் பெரிய அளவில் செய்து காட்டியிருக்கிறார்கள். செங்கம் வழியாகப் பஸ்ஸில் போனால் சில மணி நேரத்தில் திருப்பத்தூர் வந்துவிடும். அங்கே 1921-ம் வருஷம் டாக்டர் ஜேசுதாசன் என்ற தமிழரும், டாக்டர் பாரெஸ்டர் பேட்டன் என்ற ஸ்காட்லாந்துக்காரரும் கிறிஸ்துகுல ஆசிரமத்தை ஸ்தாபித்தார்கள். பேட்டன் பெருஞ் செல்வக் குடும்பத்தில் பிறந்தவர். மிஷன் ஸ்தாபனங்களில் வெள்ளையர் பங்களாவிலும் இந்தியர் கீழ்ப்படியிலும் இருந்த காலம் அது. இவ்விருவரோ விவாகமின்றி ஒரே கூரையின் கீழ் வசித்து, கதர் உடுத்தி, தரையில் அமர்ந்து ஒரே உணவை உண்டார்கள். சுற்றுப்புறத்துக் கிராமத்தாருக்கு வைத்தியம் செய்தார்கள். ஜேசுதாசன் பெரியண்ணன், பேட்டன் சின்னண்ணன் என்று ஜனங்கள் அழைத்தார்கள். அவர்கள் கட்டிய ஜெபாலயமும் தமிழ்நாட்டுக் கோயிலைப் போலவே கோபுரமும் மண்டபமுமாக எழுந்தது.

1932-ம் வருஷம் சென்னையில் அந்நியத் துணிக் கடைகளின் முன் மறியல் நடந்து கொண்டிருந்தது. கதர் அணிந்து தெருவில் நின்ற பேட்டனைப் போலீஸார் தடியால் அடித்தனர். வர்ண நீரையும் அவர் மீது பீச்சினர். செய்தி பிரிட்டிஷ் பார்லிமெண்டு வரையில் எட்டியது. ஆளும் இனத்தில் பிறந்த ஒருவருக்கு அந்த அடி ஏன் விழுந்தது? ஜனங்களின் துணியைத் தம் துணியாக அவர் ஏற்றுக் கொண்டார். துணியை வாங்கியவருக்கு அதன் மீது விழும் அடியிலும் பங்கு கிடைத்தது. தரும வைத்தியர்கள் பலர் இந்நாட்டுக்கு வந்ததுண்டு. பேட்டன் சின்னண்ணனானது மருந்து கொடுத்ததால் மட்டுமல்ல என்றே நமக்குத் தோன்றுகிறது.

நாம் கொண்டு போன பையில் குறை ஒன்றுமில்லை; சாமான்கள் நல்ல சாமான்கள்தாம். ஆனால் கொடுப்பவர் நாம், வாங்குபவர் அவர்கள் என்ற கோட்டையும் அதனுடன் கொண்டு போனோம். நர்ஸம்மா காலிப் பாத்திரத்துடன் போனார். அதனால் அவர் அண்டை வீட்டுக்காரராகப் போக முடிந்தது.

இப்போது கிரிவலம் பழையபடி நடக்கிறது. பூக்கார அம்மாளின் கூடை பௌர்ணமி இரவு விடியுமுன் காலியாகிவிடுகிறது. ஞாயிற்றுக்கிழமை தோறும் நர்ஸம்மா சர்ச்சுக்குப் புறப்படும்போது ஒரு முழம் முல்லை அவர் வாசலுக்கு வருகிறது. அதற்கு அவர் காசு கொடுப்பதில்லை. கொடுத்தால் அவள் மனம் நோகும் என்று அவருக்குத் தெரியும்.

சென்ற மாதம் நம் வீட்டில் தயிர் உறைக்கு மோர் இல்லை. வழக்கமாகக் கடைக்கு ஓடுவோம். அன்று எதிர் வீட்டுக் கதவைத் தட்டி, "கொஞ்சம் மோர் கிடைக்குமா, அம்மா?" என்று கேட்டோம். அவள் டம்ளர் நிறையக் கொண்டு வந்து கொடுத்தாள்.