நெடுந்தீவுக் கடலும் குடலின் ஆறு மணி நேரமும்

இரத்தம் நின்றால் குடல் அழுகும். இது எல்லாருக்கும் விளங்குகிற காரியம். நின்ற இரத்தம் திரும்பி வரும்போதும் குடல் சேதப்படும் என்பதுதான் வைத்திய உலகத்தையே திடுக்கிட வைத்தது. 1986இல் பார்க்ஸ், கிரேஞ்சர் என்ற ஆய்வாளர்கள் பூனைக் குடலில் இதை அளந்து காட்டினார்கள். நான்கு மணி நேரமும் இரத்தத்தைக் குறைத்து வைத்த குடல் ஒரு பக்கம். மூன்று மணி நேரம் குறைத்து, நான்காவது மணியில் திறந்துவிட்ட குடல் மறுபக்கம். இரண்டாவதன் உட்சுவரில்தான் சேதம் கூடுதல்.

காரணம் ஒட்சிசன். இரத்தம் இல்லாத நேரத்தில் கலங்கள் தங்கள் சக்திச் சேமிப்பை உடைத்துச் செலவழிக்கின்றன; அதன் கழிவாக ஹைப்போசாந்தீன் சேர்கிறது. அதை ஒட்சியேற்றும் சாந்தீன் ஒட்சிடேசு என்ற நொதியம் குடற்சுவரில் ஏராளம். இரத்தத்தோடு ஒட்சிசன் வந்து சேர்ந்ததும் மூன்றும் கூடிச் சுப்பர்ஒட்சைட்டு என்ற மூலிகத்தைக் கக்குகின்றன. குடலின் சடைமுளைகளின் நுனிதான் முதலில் கழன்று விழும். பிறகு குடலுக்குள் அடங்கிக் கிடந்த பக்றீரியாவும் நஞ்சும் இரத்தத்தில் இறங்க, சுவாசப்பையும் சிறுநீரகமும் சோர்ந்துபோகும். இந்த மூலிகத்தை அடக்கும் நொதியத்தை மக்கோர்ட், பிறிடோவிச் இருவரும் 1969இலேயே அடையாளம் கண்டிருந்தார்கள். அதைக் கொடுத்தபோது பூனைக் குடலில் சேதம் குறைந்ததை 1981இல் கிரேஞ்சர் குழுவினர் காட்டினார்கள். எதிர்ஒட்சியேற்றி என்ற சொல்லுக்கு இத்தனை மவுசு வந்ததில் அந்தப் பரிசோதனைக்கும் பங்குண்டு.

இந்த மவுசு யாழ்ப்பாணத்துத் தீவுப்பகுதிக்கும் வந்துவிட்டது. முருங்கையிலையிலும் வல்லாரையிலும் பனம்பழக் களியிலும் எதிர்ஒட்சியேற்றி உண்டு என்று இப்போது எல்லாரும் பேசுகிறார்கள். உண்மைதான், தாராளமாகச் சாப்பிடலாம். ஆனால் குடலிறக்கத்தில் குடல் இறுகி இரத்தம் நின்றுபோன மனிதனை முருங்கையிலைச் சுண்டல் காப்பாற்றாது. கடையில் விற்கும் குளிசையும் காப்பாற்றாது.

அவனைக் காப்பாற்றுவது நேரம். இரத்தம் முழுதாக நின்றால் ஏறத்தாழ ஆறு மணி நேரத்தில் குடலின் அந்தத் துண்டு மீளாத நிலைக்குப் போய்விடும். ஊர்காவற்றுறைக்குத் தரைவழி உண்டு. நயினாதீவென்றால் குறிகட்டுவானிலிருந்து இருபது நிமிடம் மட்டில் கடல். நெடுந்தீவுக்கு அதே துறையிலிருந்து ஏறத்தாழ ஒரு மணி நேரம். அதுவும் கடல் ஒத்துக்கொண்டால். குறிகட்டுவானில் இறங்கியபின் புங்குடுதீவு, வேலணை, பண்ணைப் பாலம் என்று யாழ்ப்பாணப் பெரியாஸ்பத்திரி வரை முப்பது கிலோமீற்றருக்கு மேல் ஓட வேண்டும். இரவு பத்து மணிக்கு வயிற்றுவலி தொடங்கினால் "விடியட்டும், முதல் படகில போவம்" என்பதுதான் வீட்டு வழக்கம். சோளகம் அடிக்கிற மாதங்களில் அந்த முதல் படகும் நிச்சயமில்லை. ஆறு மணி நேரமும் வீட்டுத் திண்ணையிலேயே கரைந்துவிடும்.

எதிர்ஒட்சியேற்றி மருந்துகளை இன்னும் ஆழமாகத் தேட வேண்டும், எவ்வளவு விரைவாகக் கொண்டுபோனாலும் இரத்தம் திரும்பும்போது வரும் சேதம் மிச்சம் நிற்கும் என்று ஆய்வாளர்கள் சொல்வார்கள். நியாயம்தான்.

ஆனால் அந்த மருந்துகள் எங்கே கைகொடுத்தன என்று பாருங்கள். மாற்றுச் சிகிச்சைக்கு எடுத்த உறுப்பைக் குளிரில் பாதுகாக்க விஸ்கான்சின் பல்கலைக்கழகத்தில் பெல்சர், சவுதார்ட் இருவரும் 1980களில் ஒரு கரைசலை உருவாக்கினார்கள். அதில் குளூட்டாதயோன் இருக்கிறது. யூரிக்கமில மூட்டுவாதத்துக்குக் கொடுக்கும், சாந்தீன் ஒட்சிடேசைத் தடுக்கும் அலோபியூரினோலும் இருக்கிறது. அங்கே இரத்தம் எப்போது நிற்கும், எப்போது திரும்பும் என்று வைத்தியருக்கு முன்கூட்டியே தெரியும். மருந்தை முதலே ஊற்றி வைக்கலாம். தீவிலிருந்து வரும் நோயாளியின் குடல் எப்போது இறுகியது என்று யாருக்குத் தெரியும்? பரசிற்றமோல் நஞ்சுக்கு முறிவாகக் கொடுக்கும் அசற்றைல்சிஸ்டீன் என்ற எதிர்ஒட்சியேற்றியையும் விலங்குகளில் சோதித்திருக்கிறார்கள். மனிதருக்கு இன்றைக்கும் முதன்மைச் சிகிச்சை சத்திரசிகிச்சை, சேலைன், நுண்ணுயிர்கொல்லி, இரத்தக் குழாயைத் திறத்தல் ஆகியவைதான்.

ஆகவே என் கவலையெல்லாம் படகேறுவதற்கு முந்திய நேரத்தைப் பற்றியது. குடலிறக்கம் உள்ளவருக்குக் கவட்டில் வீக்கம் இருக்கும், படுத்தால் உள்ளே போய்விடும். வலை இழுத்துப் பாரம் தூக்கி உழைப்பவர்கள் அதை வருடக்கணக்காகப் பொறுத்துக்கொண்டு திரிவார்கள். ஒருநாள் அது உள்ளே போகாது. கல்லுப்போல இறுகி நோகும், சத்தி வரும், காற்றுப் பிரியாது. அந்த நிமிடத்திலிருந்தே மணி ஓடத் தொடங்குகிறது. விடியும்வரை காத்திருக்கக் கூடாது.

இன்னொன்று இதைவிடக் கள்ளத்தனமானது. நாடி ஒழுங்கின்றித் துடிக்கும் முதியவருக்கு இதயத்தில் உறைந்த இரத்தக்கட்டி குடலின் நாடியில் போய் அடைத்துக்கொள்ளும். ஆள் வலியில் துடிப்பார், ஆனால் வயிற்றைத் தொட்டால் மெத்தென்று இருக்கும். "வாய்வாக்கும்" என்று இஞ்சித் தண்ணீர் கொடுப்பார்கள். இந்த நோயில் பாதிப்பேருக்கு மேல் இறக்கிறார்கள்.

குடலிறக்கத்தை இறுகுமுன் திட்டமிட்டுத் தைத்துவிட்டால் பெரும்பாலும் அன்றோ மறுநாளோ வீடு திரும்பலாம். கடல் அடங்கிக் கிடக்கும் பங்குனி, சித்திரையில் நெடுந்தீவில் வீடுவீடாகக் கேட்டுப் பட்டியல் போட்டு, சோளகம் எழுமுன் அவர்களை யாழ்ப்பாணத்துக்குக் கூட்டிவந்து சத்திரசிகிச்சை செய்விக்க முடியும். நாடி ஒழுங்கில்லாதவர்களுக்கு இரத்தம் உறையாமல் இருக்கக் கொடுக்கும் வார்பரின் குளிசைக்கு அடிக்கடி இரத்தம் பார்த்து அளவு மாற்ற வேண்டும். படகு ஓடாத கிழமையில் அந்தப் பரிசோதனை தவறினால் குளிசையின் அளவும் பிசகும். விரலில் குத்தி நிமிடங்களில் அளவு காட்டும் சிறு கருவிகள் இப்போது உண்டு. அதில் ஒன்றை நெடுந்தீவிலேயே வைத்துக்கொண்டால், அந்தப் பரிசோதனைக்காக எந்த முதியவரும் கடல் தாண்ட வேண்டியிருக்காது.