முதலாளி கட்டும் வரி யாருடைய பணம்?

பத்தாந் தர வகுப்பில் கட்டுரைப் பயிற்சி நடந்துகொண்டிருந்தது. நாட்டின் வருமானம் எங்கிருந்து வருகிறது என்று கேட்டேன். ஒரு மாணவன் எழுந்து, “சேர், எங்கட வாப்பா மீன் யாவாரம். நாங்க வரியொண்டும் கட்டுறல்ல. அதெல்லாம் கொழும்பு மொதலாளிமார் கட்டுறதானே” என்றான். வகுப்பு சிரித்தது. எனக்குச் சிரிப்பு வரவில்லை. படித்தவர்கள் பலரும் இதே நினைப்பில் இருப்பதை நான் அறிவேன். அவனுடைய மேசையில் இருந்த பிஸ்கட் பக்கெட்டை எடுத்து அன்று சொன்ன விளக்கத்தைத்தான் இங்கே சற்று விரித்து எழுதுகிறேன்.

பெறுமதி சேர் வரி, அதாவது நாம் ‘வற்’ என்று சொல்லும் வரி, 2002 ஓகஸ்டில் இலங்கைக்கு வந்தது. 2019 டிசம்பரில் 8 வீதமாகக் குறைக்கப்பட்டது. 2022இல் இரண்டு தடவை கூடி 15 வீதமானது. 2024 ஜனவரியில் 18 வீதமாயிற்று. இதை உள்நாட்டு இறைவரித் திணைக்களத்துக்குக் கட்டுபவர் வியாபாரிதான். ஆனால் கட்டுபவர் ஒருவர், சுமப்பவர் வேறொருவர்.

ஒரு கணக்குப் போட்டுப் பார்ப்போம். தொழிற்சாலை ஒரு பெட்டி பிஸ்கட்டை 1,000 ரூபாவுக்கு விற்கிறது என்று வைத்துக்கொள்வோம். வற் 180 ரூபா சேர்ந்து மொத்த வியாபாரி 1,180 ரூபா கொடுக்கிறார். அவர் அதை 1,100 ரூபாவுக்கு விற்கும்போது வற் 198 ரூபா. தான் ஏற்கெனவே கொடுத்த 180 ரூபாவைக் கழித்து மீதி 18 ரூபாவை மட்டும் அரசுக்குக் கட்டுகிறார். ஆகவே அவர் கையிலிருந்து ஒரு சதமும் போகவில்லை. எங்கள் தெருமுனைச் சில்லறைக் கடைக்காரர் 1,298 ரூபா கொடுத்துப் பெட்டியை எடுக்கிறார். அவர் வற்றுக்குப் பதிவு செய்தவரல்லர். பதிவுக்கான ஆண்டு விற்பனை எல்லை 2024 ஜனவரியில் 6 கோடி ரூபாவாகக் குறைக்கப்பட்டபோதும், அவருடைய கடை அந்தப் பக்கம் எட்டிப் பார்க்கவில்லை. எனவே அந்த 198 ரூபாவை அவரால் திருப்பி எடுக்க முடியாது. அது அவருக்குக் கொள்விலை. அதன் மேல் தன் இலாபத்தை வைத்து விற்கிறார். அவர் தரும் துண்டில் வற் என்ற சொல்லே இல்லை. ஆனால் பக்கெட்டுக்குள் வற் இருக்கிறது. அந்த 198 ரூபாவைக் கொடுத்தவர்கள் பிஸ்கட் தின்ற பிள்ளைகளின் வாப்பாமார்.

வரிவிலக்கு என்ற சொல்லும் இப்படித்தான் ஆளை ஏமாற்றும். பஸ் பயணத்துக்கு வற் இல்லை. ஆனால் 2024 ஜனவரி முதல் டீசலுக்கு வற் உண்டு. டிக்கெட்டில் வற் அறவிடாத பஸ் முதலாளி டீசலில் கொடுத்த வற்றைக் கழித்துக்கொள்ளவும் முடியாது. அது அவருடைய செலவோடு சேரும். செலவு கூடினால் ஒருநாள் கட்டணத்தில் வந்து நிற்கும்.

2022 ஒக்டோபரில் வந்த சமூகப் பாதுகாப்புப் பங்களிப்பு வரியின் வீதம் 2.5தான். பார்வைக்குச் சிறியது. ஆனால் வற்றில் உள்ளதுபோல முன்னவர் கட்டியதைப் பின்னவர் கழிக்கும் வழி இதில் இல்லை. இறக்குமதியாளர் கட்டுவார், அது விலையில் ஏறும். அந்த விலைக்கு வாங்கிய பெரிய வியாபாரி தன் விற்பனைக்கு மறுபடி கட்டுவார். கை மாற மாற வரியின் மேல் வரி விழும்.

அப்படியானால் எல்லா வரியும் அப்படியே நம் தலையில்தானா? இல்லை. யாருக்கு விலகிப் போக வழியில்லையோ அவர் தலையில்தான் அதிகம் விழும். புதிய சோபா விலை கூடினால் வாங்குவதைத் தள்ளிப் போடலாம். அப்போது கடைக்காரர் தன் இலாபத்தைக் குறைத்தாவது விற்கப் பார்ப்பார். காஸ் முடிந்தால் தள்ளிப் போட முடியுமா? கம்பனிகளின் இலாபத்தின் மீதான வருமான வரி சற்று வேறுபட்டது. இலாபம் வந்த பிறகு அறவிடப்படுவதால், போட்டி உள்ள சந்தையில் அதை உடனே விலையில் ஏற்றுவது கடினம். போட்டி இல்லாத இடத்தில் அதுவும் மெல்ல நம்மிடம் வரும்.

இதில் நமக்கு வலிக்க வேண்டிய இடம் ஒன்று உண்டு. வரி ஏறினால் விலை ஏறுகிறது. வரி இறங்கினால் விலை இறங்குகிறதா? 2020 ஒக்டோபரில் இறக்குமதிச் சீனிக்கான விசேட வியாபாரப் பண்ட அறவீடு கிலோவுக்கு 50 ரூபாவிலிருந்து 25 சதமாக்கப்பட்டது. அரசு 1,500 கோடி ரூபாவுக்கு மேல் வருமானம் இழந்தது. ஆனால் கடைச் சீனி அதற்கேற்பக் குறையவில்லை. மக்களுக்கென்று விட்டுக்கொடுத்த பணம் இடைவழியில் தங்கிவிட்டது. 2023 நவம்பரில் அறவீடு மீண்டும் 50 ரூபாவானபோது விலை உடனே ஏறிற்று. ஏறும் வேகம் இறங்கும்போது ஏன் இல்லை? ஒரு பொருளை இறக்குமதி செய்பவர்கள் ஒரு சிலராக இருந்தால் வரிக்குறைப்பு அவர்களோடு நின்றுவிடும்.

பதினான்காம் நூற்றாண்டில் பிறந்த இப்னு கல்தூன் தமது முகத்திமாவில், நகர வாசலிலும் சந்தையிலும் அறவிடப்படும் தீர்வைகள் உணவின் விலைக்குள் புகுந்துவிடுவதால்தான் நகரத்தில் விலை அதிகம் என்று விளக்குகிறார். வாசல் இன்று துறைமுகமாகிவிட்டது, மற்றதெல்லாம் அதேதான்.

இந்தச் சுமை எல்லோருக்கும் சமமும் அல்ல. மாதம் 11,800 ரூபாவுக்கு வற் சேர்ந்த சாமான் வாங்கும் வீட்டில் 1,800 ரூபா வரி. 50,000 ரூபா உழைப்பவருக்கு அது வருமானத்தில் 3.6 வீதம். 5 இலட்சம் உழைப்பவர் அதே சாமானை வாங்கினால் 0.36 வீதம். நம் நாட்டின் வரி வருமானத்தில் பெரும்பங்கு இத்தகைய மறைமுக வரிகளிலிருந்தே வருகிறது.

வரியே வேண்டாம் என்பதல்ல என் வாதம். இலவசப் பாடநூலும் அரசாங்க ஆஸ்பத்திரியும் இதில்தான் நடக்கின்றன. என் சம்பளமும் இதில்தான் வருகிறது. அந்த மீன் வியாபாரியும் எனக்குச் சம்பளம் தருபவர் என்பதை அன்று வகுப்பில் நானும் உணர்ந்தேன். நம் வியாபாரச் சகோதரர்களுக்கும் ஒரு வார்த்தை: வாடிக்கையாளரிடம் வாங்கிய வற் உங்கள் பணமல்ல, அமானிதம். பதிவு செய்யாதவர் அதைத் தனியாக அறவிடவும் முடியாது.

“அப்ப வாப்பாவும் வரி கட்டுறாரா சேர்?” என்று கடைசியில் கேட்டான்.

“ஒவ்வொரு நாளும் கட்டுறார். அதனால கேள்வி கேக்குற உரிமையும் அவருக்கு இருக்கு. போய்ச் சொல்லு” என்றேன்.