தீவனப் புல்லின் சத்தை ஒளியால் அறிதல்

புல் பசுமையாயும் உயரமாயும் இருப்பின் சத்து மிக்கதென எண்ணுவது வழக்கம். அஃது எப்போதும் சரியன்று. உஷ்ணப் பிரதேசப் புற்களாகிய நேப்பியர், கினியா முதலியன முற்றுந்தோறும் புரதம் குறைந்து நார் மிகும். உலர்ந்த எடையில் புரதம் நூற்றுக்கு 7 பங்குக்குக் கீழே இறங்கினால், மாட்டின் இரைப்பையிலுள்ள நுண்ணுயிர்கள் செவ்வனே வேலை செய்யா; தீனியும் குறையும், பாலும் குறையும்.

1883-ல் கெல்டால் வகுத்த இரசாயன முறைக்கு அமிலமும் பல மணி நேரமும் வேண்டும். நிறமாலை முறையிலோ, உலர்த்திப் பொடித்த புல்லின்மீது கண்ணுக்குப் புலப்படாத அண்மை அகச்சிவப்பு ஒளி செலுத்தப்படும். புரதம், நார், ஈரம் ஒவ்வொன்றும் தனக்குரிய அலைநீளங்களை உறிஞ்சும். திரும்பும் ஒளியை அளந்தால் சில நிமிஷங்களில் சத்தை மதிப்பிடலாம். நாரிஸ் முதலிய அமெரிக்க அறிஞர்கள் 1976-ல் இதைத் தீவனத்தில் சோதித்து வெளியிட்டனர்.

ஆனால் கருவி தானே எதையும் அறியாது. இரசாயன முறையில் முன்னரே சோதித்த பல மாதிரிகளைக் கொண்டு அதற்கு அளவுத்திட்டம் அமைக்க வேண்டும். குளிர்நாட்டுப் புல்லுக்கு அமைத்த திட்டத்தை நம் கம்பு நேப்பியருக்குக் கொண்டால் கணக்குப் பிழைபடும்.

மாதிரி அனுப்புவோர் வயலின் பல இடங்களில் அறுத்துக் கலந்து, உலர்த்தி, புல்லின் பெயர், அறுத்த தேதி, முந்திய அறுப்புக்குப்பின் சென்ற நாட்கள் ஆகியவற்றைக் குறித்து அனுப்புக. புரதம் குறைவெனத் தெரிந்தால், பிண்ணாக்குக்குப் பணம் செலவிடுமுன் அறுப்பை முற்படுத்துக. வேலிமசாலைக் கலந்து கொடுக்க. கிராம அதிகாரிகள் இதனைக் குடியானவர்களுக்கு எடுத்துரைப்பது நலம்.