கரடியிடம் தப்பித்த பெட்டி மணலில் மாட்டிய கதை

அமெரிக்காவின் மொன்டானா மாநிலத்தில் வெஸ்ட் யெல்லோஸ்டோன் என்று ஒரு சிற்றூர். அங்குள்ள ‘கிரிஸ்லி அண்ட் உல்ஃப் டிஸ்கவரி சென்டரில்’ வசிக்கும் கரடிகளுக்கு ஒரு வேலை கொடுத்திருக்கிறார்கள். புதிதாக வரும் ஐஸ் பெட்டிகளை உடைத்துத் திறக்க வேண்டும்! உள்ளே மணக்க மணக்கத் தீனி வைத்து, மூடிப் பூட்டி, கரடிகள் இருக்கும் இடத்தில் பெட்டியை விட்டுவிடுவார்கள். கரடி கடிக்கும், பிறாண்டும், புரட்டும், முன்னங்கால் இரண்டையும் மூடியின் மேல் ஊன்றி மொத்த உடம்பையும் இறக்கும். 60 நிமிடம் இப்படி மல்லுக்கட்டியும் தீனி அகப்படவில்லை என்றால் பெட்டி பாஸ். ‘கரடி தாங்கும்’ என்று சான்றிதழே உண்டு!

இதைப் படித்த நாளிலிருந்து ஐஸ் பெட்டி என்றாலே எனக்கு உற்சாகம் தாங்கவில்லை. யார் இதை வடிவமைக்கிறார்கள், உள்ளே என்ன இருக்கிறது, எப்படி உருள்கிறது என்று துருவிக்கொண்டே போனேன். போகப்போக ஒன்று புரிந்தது. கரடி வைக்கும் பரீட்சைகூட எளிதுதான். கடற்கரை மணல் வைக்கிற பரீட்சையில்தான் பெட்டிகள் வரிசையாகத் தோற்கின்றன. கரடி தாங்க வேண்டுமென்றால் சுவர் தடிமனாக வேண்டும். சுவர் தடித்தால் எடை கூடும். எடை கூடினால் மணலில் சக்கரம் புதையும். குளிரைக் காக்கும் குணமும் ஊர் சுற்றும் குணமும் ஒரே பெட்டிக்குள் ஓயாமல் சண்டை போடுகின்றன. அந்தச் சண்டையைத் தீர்த்துவைப்பதுதான் வடிவமைப்பாளரின் வேலை. வாருங்கள், பட்டறைக்குள் எட்டிப் பார்ப்போம்!

முதலில் கொஞ்சம் பழங்கதை. இல்லினாய் மாநிலத்தின் ஜோலியட் நகரைச் சேர்ந்த ரிச்சர்ட் லாரமி, எடுத்துச் செல்லக்கூடிய ஐஸ் பெட்டிக்கு 1951-ல் விண்ணப்பித்து 1953-ல் காப்புரிமை பெற்றார். ஹூஸ்டனில் 1947-ல் தொடங்கிய இக்லூ, வெயிலில் உழைக்கும் எண்ணெய் வயல் தொழிலாளர்களுக்கு உலோகத் தண்ணீர்ப் பாத்திரங்கள் செய்து வந்தது. பிறகு பிளாஸ்டிக் பெட்டிகளுக்கு வந்தது. தடித்த சுவர்ப் பெட்டிகளுக்குப் பெயர் வாங்கிய யெட்டி நிறுவனம் 2006-ல் பிறந்தது. சக்கரம் வைத்த முதல் பெட்டியை அது எப்போது வெளியிட்டது தெரியுமா? 2018-ல்! பன்னிரண்டு ஆண்டுகள்! சக்கரம் என்றால் இரண்டு வட்டத்தைத் திருகி மாட்டுகிற விஷயம் என்று நினைப்பவர்கள் இங்கே ஒரு நிமிடம் நிற்க வேண்டும்.

தடித்த பெட்டி எப்படி உருவாகிறது என்பதே ஒரு வேடிக்கை. பாலிஎத்திலீன் தூளை ஒரு வெற்று வார்ப்பு அச்சுக்குள் கொட்டி, பெரிய அடுப்புக்குள் தள்ளி, இரண்டு திசைகளில் மெதுவாகச் சுழற்றுகிறார்கள். தூள் உருகி உள்சுவர் முழுக்கப் படிகிறது. ஒட்டு இல்லை, தையல் இல்லை, ஒரே துண்டாக ஓடு வந்துவிடுகிறது! அடுத்து இரட்டைச் சுவரின் இடைவெளிக்குள் இரண்டு திரவங்களைக் கலந்து பீய்ச்சுகிறார்கள். நொடிகளில் அது நுரைத்துப் பொங்கிப் பல மடங்கு பெருத்து மூலை முடுக்கெல்லாம் நிரம்புகிறது. இதுதான் பாலியூரிதேன் நுரை. பொங்கும் வேகத்தில் பெட்டியே புடைத்துவிடும் என்பதால் அது கெட்டியாகும்வரை இரும்புச் சட்டத்துக்குள் இறுக்கிப் பிடித்து வைக்கிறார்கள். எனக்கு மட்டும் அனுமதி கிடைத்தால் அந்தச் சட்டத்தின் பக்கத்திலேயே நாள் முழுக்க நிற்பேன்!

இப்போது கணக்கு. 60 லிட்டர் கொள்ளும் பெட்டி. சுவர்களின் சராசரிப் பரப்பு 1.2 சதுர மீட்டர், நுரை 4 சென்டிமீட்டர், வெளியே 35 டிகிரி வெயில், உள்ளே 0 டிகிரி ஐஸ். சுவர் வழியாகக் கசியும் வெப்பம் ஏறக்குறைய 26 வாட். ஒரு எல்.இ.டி. டியூப்லைட் எரிய ஆகும் அளவுதான். கேட்கக் கொஞ்சமாகத் தெரிகிறது, இல்லையா? ஆனால் ஒரு கிலோ ஐஸ் உருக 334 கிலோஜூல் போதும். அப்படியானால் ஒரே நாளில் கிட்டத்தட்ட 7 கிலோ ஐஸ் காலி! நுரையை 2 சென்டிமீட்டராக்கினால் 14 கிலோ. மூடிக்குள் நுரையே வைக்காமல் வெற்றாக விடும் மலிவுப் பெட்டிகள் ஏன் மாலைக்குள் வெந்நீராகின்றன என்பதற்கு வேறு விளக்கம் வேண்டாம்.

ஆக, நுரை வேண்டும், நிறைய வேண்டும். இங்கேதான் சக்கரம் வந்து வம்பு செய்கிறது.

25 சென்டிமீட்டர் விட்டமுள்ள இரண்டு சக்கரங்களைப் பெட்டியின் அடி மூலைகளில் குழிவெட்டிப் பொருத்தினால், உள்ளே 8, 9 லிட்டர் இடம் பறிபோகும். சக்கரத்துக்குக் குழி விட்ட இடத்தில் நுரையும் மெலியும், குளிர் அந்த வழியாகவே ஓடும். சரி, சக்கரங்களை வெளியே மாட்டலாம் என்றால் அகலம் கூடும். கார் டிக்கியில் நுழையாது. சக்கரங்களை இணைக்கும் அச்சுக்கம்பியைப் பெட்டிக்குள் நுழைக்கவே கூடாது. அலுமினியக் கம்பி நுரையைவிட ஆயிரக்கணக்கான மடங்கு வேகமாக வெப்பத்தைக் கடத்தும். அதனால் பெட்டிக்கு அடியில் தனி வாய்க்கால் வெட்டி அதில் கம்பியை ஓட்டுகிறார்கள். ஒவ்வொரு சென்டிமீட்டர் சக்கரத்துக்கும் கொஞ்சம் ஐஸை விலையாகக் கொடுக்க வேண்டியிருக்கிறது.

அப்படியானால் சின்னச் சக்கரமே போதுமே என்று தோன்றும். விமான நிலைய வழவழத் தரையில் போதும். பாதையில் இரண்டரை சென்டிமீட்டர் உயரத்துக்கு ஒரு மரவேர் குறுக்கே வந்ததும் கதை மாறிவிடும். சக்கரங்களின் மேல் 30 கிலோ இருக்கிறது என்று வைத்துக்கொள்வோம். 10 சென்டிமீட்டர் விட்டச் சக்கரம் அந்த வேரை ஏற, பக்கவாட்டில் 52 கிலோ அளவுக்கு இழுக்க வேண்டும். சுமையைவிட இழுவை அதிகம்! 25 சென்டிமீட்டர் சக்கரம் என்றால் 22, 23 கிலோ போதும். இக்லூவின் டிரெயில்மேட் பெட்டிக்கு 10 அங்குலச் சக்கரம் வைத்திருப்பதன் அருமை இந்தக் கணக்கைப் போட்டுப் பார்த்தபோதுதான் எனக்குத் துள்ளிக் குதிக்கும் அளவுக்குப் புரிந்தது.

மணல் இன்னும் பொல்லாதது. மேலே ஏறிக் கடக்க அங்கே எதுவும் இல்லை. அழுத்தினால் விலகி உள்ளே இழுக்கும். சக்கரம் முன்னால் ஒரு மேட்டைத் தானே குவித்து, அதைத் தானே ஏற முயன்றுகொண்டிருக்கும். இதற்கு விடை தேடியவர்களின் வரிசை பிரமாதமானது. அலாஸ்காவில் ஆசிரியராக இருந்த வில்லியம் ஆல்பி, அங்குள்ள பூர்வகுடி மக்கள் காற்றடைத்த சீல் தோல் பைகளை உருளையாகப் போட்டு, கனமான படகை அதன் மேல் உருட்டிக் கரையேற்றுவதைப் பார்த்தார். அதிலிருந்து 1950-களின் தொடக்கத்தில் பிறந்ததுதான் ரோலிகான் என்ற பை போன்ற டயர். மென்மையான டயர் தரையில் கொடுக்கும் அழுத்தம் கிட்டத்தட்ட உள்ளே இருக்கும் காற்றின் அழுத்தம்தான். கார் டயரில் 32 பி.எஸ்.ஐ. காற்று இருக்கும். இன்று கடற்கரை வண்டிகளுக்கு மாட்டும் பலூன் சக்கரங்களில் 2 முதல் 4 பி.எஸ்.ஐ.தான். மணல் அதை உணர்வதேயில்லை!

இன்னொருவர் போலந்தில் பிறந்த பொறியாளர் எம். ஜி. பெக்கர். மண்ணின் மேல் வாகனங்கள் எப்படி நகர்கின்றன என்பதை ஒரு தனி அறிவியலாகவே வளர்த்தவர். ஒரே பரப்பளவுள்ள தடம் என்றால், அகலமானதைவிட நீளமானதற்குக் குறைந்த இழுவையே தேவை என்பது அவர் நிறுவியவற்றில் ஒன்று. டயரை வெறுமனே அகலமாக்குவதைவிட விட்டத்தைக் கூட்டுவது லாபம். அந்த பெக்கரின் குழுதான் 1971-ல் அப்பல்லோ 15 பயணத்தில் ஓடிய நிலா வண்டிக்குச் சக்கரம் வடிவமைத்தது. நிலவின் புழுதிக்காக எஃகுக் கம்பியில் பின்னிய வலைச் சக்கரங்கள், 80 சென்டிமீட்டருக்கு மேல் விட்டம்! கடற்கரையில் பெட்டி இழுக்கிறவரின் காலடியிலும் நிலா வண்டி ஓடிய இடத்திலும் வேலை செய்தது ஒரே இயற்பியல்.

அப்புறம் ஏன் எல்லாப் பெட்டிக்கும் பலூன் மாட்டவில்லை? தார்ச் சாலையில் அது அமுங்கி இழுக்கும், தேயும். முள் குத்தினால் போச்சு. காற்றே இல்லாத கெட்டிச் சக்கரத்துக்கு முள் பயமில்லை, ஆனால் மணலில் கத்தியாக இறங்கும். எல்லாத் தரைக்கும் ஏற்ற சக்கரம் என்று ஒன்று கிடையாது. பெரிய விட்டம், நடுத்தர அகலம், மேலே மட்டும் மென்மையான ரப்பர் என்று பல பெட்டிகள் நடுவில் எங்கேயோ நிற்கின்றன. என் தீர்ப்பு, அதுவே சரி.

கைப்பிடியை யாரும் கவனிப்பதில்லை. எனக்கோ அதுதான் செல்லம்! 40 கிலோப் பெட்டி, 70 சென்டிமீட்டர் நீளம், ஒரு கோடியில் சக்கரம். மறு கோடியைப் பிடித்துத் தூக்கினால் கையில் பாதி, 20 கிலோ. அச்சிலிருந்து 140 சென்டிமீட்டர் தூரம்வரை நீளும் கைப்பிடி வைத்தால் 10 கிலோ. அச்சையும் 10 சென்டிமீட்டர் உள்ளே தள்ளினால் 8 கிலோவுக்கும் கீழே. நடக்கும்போது பெட்டி குதிகாலில் இடிப்பதும் அதோடு ஒழிந்தது. ரோலரைத் தள்ளுவதைவிட இழுப்பது எளிது என்று பதினோராம் வகுப்பு இயற்பியலில் படித்தோமே, அதுவும் இங்கே அப்படியே பலிக்கிறது. இழுக்கும்போது விசையின் ஒரு பகுதி சக்கரத்தை மேலே தூக்குகிறது. தள்ளினால் அதே பகுதி மணலுக்குள் அமுக்குகிறது. இன்னும் ஒரு ரகசியம்: கைப்பிடியைத் தூக்கினால் உருகிய தண்ணீர் சக்கரப் பக்கம் ஓடிச் சேரும், கைச்சுமை இன்னும் குறையும். வடிகால் துளையையும் அந்தப் பக்கமே வைத்துவிட்டால், சாய்த்த சாய்ப்பிலேயே முழுத் தண்ணீரும் வெளியே!

இத்தனை அழகை விட்டுவிட்டு அலங்காரத்தில் இறங்கினால் என்ன ஆகும் என்பதற்கும் வரலாறு இருக்கிறது. 2014-ல் கிக்ஸ்டார்ட்டர் தளத்தில் ‘கூலஸ்ட் கூலர்’ என்ற பெட்டிக்கு 62,000-க்கும் மேற்பட்டோர் சேர்ந்து 1 கோடியே 30 லட்சம் டாலருக்கு மேல் கொடுத்தார்கள். மிக்ஸி, புளூடூத் ஸ்பீக்கர், செல்போன் சார்ஜர், கூடவே அகலச் சக்கரம். பெட்டி செய்யும் செலவு வாங்கிய காசைத் தாண்டியது. ஆயிரக்கணக்கானவர்களுக்குப் பெட்டியே போய்ச் சேராமல் 2019-ல் நிறுவனம் மூடப்பட்டது. அந்தப் பட்டியலில் எனக்குப் பிடித்தது அகலச் சக்கரம் மட்டும்தான்.

சக்கரமே போக முடியாத பாதைகளும் உண்டு. தமிழ்நாட்டின் மலைக் கிராமங்களுக்குத் தடுப்பூசி எடுத்துப் போகும் கிராம சுகாதார செவிலியரின் தோளில் தொங்கும் சின்னப் பெட்டியைப் பாருங்கள். உள்ளே நான்கு ஐஸ் பேக், நடுவில் மருந்து, 2 முதல் 8 டிகிரிக்குள் இருந்தாக வேண்டும். உலக சுகாதார நிறுவனத்தின் தரச் சோதனையில் இத்தகைய பெட்டிகளை 43 டிகிரி வெப்பத்தில் வைத்து, குளிர் எத்தனை மணி நேரம் நிற்கிறது என்று அளக்கிறார்கள். முகம், விளிம்பு, மூலை எல்லாம் தரையில் அடிபடும்படி கீழே போட்டும் பார்க்கிறார்கள். இங்கே எல்லாத் தரைக்கும் பொருந்தும் சக்கரம் மனிதக் கால்தான். அதனால் வடிவமைப்பாளர் எடையைக் குறைக்கிறார், தோள்பட்டைக்கு வார் தைக்கிறார். கரடிக்காகச் செய்த எந்தப் பெட்டியையும்விட இந்தச் சின்னப் பெட்டியின் மேல் எனக்கு மரியாதை அதிகம்.

நீங்கள் சக்கரப் பெட்டி வாங்கப் போகிறீர்களா? கடையில் காலியாக உருட்டிப் பார்த்து முடிவு செய்யாதீர்கள். காலிப் பெட்டி எல்லாமே அழகாக உருளும். 20 லிட்டர் தண்ணீர் கேன் ஒன்றை உள்ளே வைக்கச் சொல்லி, கடை வாசல்படி ஏற்றி இறக்குங்கள். கைப்பிடியைப் பிடித்து வேகமாகப் பத்தடி நடந்து, குதிகாலில் இடிக்கிறதா என்று பாருங்கள். மூடியைத் தட்டினால் வெற்று ஓசை வரக் கூடாது. சக்கரம் உங்கள் விரித்த கையைவிடச் சின்னதாக இருந்தால், எத்தனை தள்ளுபடி கொடுத்தாலும் வாங்காதீர்கள்.