கழுத்து வலியும் காதடி எலும்பும்

கழுத்து வலியை அறியாதவர் நம்மிடையே குறைவு. தஞ்சோங் மாலிம் வட்டாரத் தோட்டங்களில் பல்லாண்டுகள் பால்மரம் சீவியவர்களும், செம்பனைக் குலைகளை அண்ணாந்து பார்த்து அறுத்தவர்களும், இன்று தொழிற்சாலையில் குனிந்த தலை நிமிராமல் வேலை செய்பவர்களும் இதனை நன்கு அறிவார்கள். பெரும்பாலும் இவ்வலி தசைப்பிடிப்பாலும் கழுத்தெலும்புத் தேய்மானத்தாலும் வருகிறது. ஓய்வு, உடற்பயிற்சி, மருந்து ஆகியவற்றால் தணிகிறது. ஆனால் எந்த மருந்துக்கும் அடங்காமல் ஆண்டுக்கணக்கில் தொடரும் வலியும் சிலருக்கு உண்டு. அதற்குரிய அரிய காரணம் ஒன்றை இன்று காண்போம்.

நம் காதுக்குக் கீழே, மண்டையோட்டின் அடியிலிருந்து ஊசி போன்ற மெல்லிய எலும்பு ஒன்று பக்கத்துக்கு ஒன்றாகக் கீழ்நோக்கி நீண்டிருக்கிறது. அதன் நுனியை நாவின் அடியிலுள்ள எலும்போடு ஒரு நார் இணைக்கிறது. ஊசி எலும்பின் நீளம் வழக்கமாகச் சுமார் 2.5 சென்டிமீட்டர். 3 சென்டிமீட்டரைத் தாண்டினால் அதை நீண்ட எலும்பு என்பார்கள். சிலருக்கு அந்த நாரும் சுண்ணாம்புச் சத்துப் படிந்து எலும்பைப் போல இறுகிவிடும். அப்போது அருகில் செல்லும் நரம்புகளையும், மூளைக்கு இரத்தம் கொண்டுசெல்லும் கழுத்துத் தமனியையும் அது உறுத்துகிறது.

அமெரிக்காவின் டியூக் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த வாட் ஈகிள் என்னும் மருத்துவர் 1937ஆம் ஆண்டில் இதனை விளக்கினார். அவர் பெயராலேயே இது ‘ஈகிள் நோய்’ என்று வழங்குகிறது.

இந்நோயின் அறிகுறிகள் யாவை? கழுத்தின் ஒரு பக்கத்தில், தாடைக்கோணத்தின் அருகே வலி இருக்கும். தலையைத் திருப்பினாலும், எச்சிலை விழுங்கினாலும், கொட்டாவி விட்டாலும் அது மிகும். தொண்டையில் மீன்முள் சிக்கியது போல இருக்கும். பார்த்தால் முள் இராது. காது வலிக்கும், காதில் குறை இராது. தொண்டைக்கும் காதுக்கும் ஒரே நரம்பின் கிளைகள் செல்வதே இதற்குக் காரணம். உள்நாக்குச் சதை எனப்படும் டான்சிலை அறுவை செய்து நீக்கிய பிறகு இவ்வலி தொடங்குவதும் உண்டு.

இதனால் நோயாளி பல் மருத்துவரிடமும் காது மருத்துவரிடமும் மாறி மாறி அலைகிறார். குறையில்லாத கடைவாய்ப் பல்லைப் பிடுங்கிக் கொண்டவர்களும் உண்டு. முடிவில் வீட்டாரே, “உனக்கு ஒன்றுமில்லை, எல்லாம் மனப்பிரமை” என்று சொல்லத் தொடங்குகிறார்கள். வலியைவிட இந்தச் சொல் கொடியது.

நோயைக் கண்டறிவது கடினமன்று. மருத்துவர் கையுறை அணிந்து, டான்சில் இருக்கும் இடத்தை விரலால் அழுத்திப் பார்ப்பார். கெட்டியான எலும்பு தட்டுப்பட்டு, அதே பழைய வலி எழுந்தால் ஐயம் வலுப்படும். அங்கே மரமரப்பு ஊசி போட்டதும் வலி நின்றால் அது மேலும் உறுதியாகும். எக்ஸ்ரேயிலும் சி.டி. ஸ்கேனிலும் எலும்பின் நீளம் தெரியும். ஆயினும் ஒன்றை மறக்கக் கூடாது. 100 பேரில் ஏறத்தாழ 4 பேருக்கு இவ்வெலும்பு நீண்டிருக்கலாம். அவர்களில் வலி காண்பவர் மிகச் சிலரே. எனவே படம் மட்டும் போதாது. படமும் நோயாளியின் சொல்லும் ஒத்துவர வேண்டும்.

சிகிச்சை முதலில் மருந்தில் தொடங்குகிறது. வலி நிவாரணிகள், நரம்பு வலிக்கான மாத்திரைகள், தேவையானால் அவ்விடத்தில் ஸ்டீராய்டு ஊசி ஆகியவை தரப்படும். இவற்றால் பயனில்லாதபோது, நீண்ட பகுதியை அறுவை செய்து நீக்குவார்கள். வாய்வழியே செய்தால் வெளியே தழும்பு இராது. ஆனால் இடம் குறுகியது. கழுத்து வழியே செய்தால் தழும்பு இருக்கும். ஆனால் நரம்புகளும் இரத்தக் குழாய்களும் தெளிவாகத் தெரியும். பெரும்பாலோருக்கு நல்ல குணம் கிடைக்கிறது. சிலருக்கு ஓரளவு வலி எஞ்சலாம்.

ஓர் எச்சரிக்கை. முடிதிருத்தும் கடையில் தலையைப் பிடித்து வெடுக்கென்று திருப்பி நெட்டி எடுப்பது நம்மவரிடையே உள்ள பழக்கம். அதனால் கழுத்துத் தமனியின் உட்சுவர் கிழிய இடமுண்டு. நீண்ட எலும்பு உள்ளவருக்கு ஆபத்து இன்னும் அதிகம். தலையைத் திருப்பும்போது மயக்கமோ பார்வை மங்கலோ வந்தால் உடனே மருத்துவமனைக்குச் செல்ல வேண்டும். குரல் கம்மல், கழுத்தில் கட்டி, எச்சிலில் இரத்தம், காரணமின்றி உடல் மெலிதல் ஆகியவை புற்றுநோயின் அறிகுறியாகவும் இருக்கக்கூடும். அவற்றுக்கும் காலம் கடத்தலாகாது.

தஞ்சோங் மாலிமில் உள்ளவர்கள் முதலில் அரசாங்கக் கிளினிக்குக்குச் செல்லலாம். அங்கிருந்து சிலிம் ரிவர் மருத்துவமனைக்கும், தேவைப்பட்டால் ஈப்போ ராஜா பெர்மைசூரி பைனுன் மருத்துவமனையின் காது மூக்கு தொண்டைப் பிரிவுக்கும் கடிதம் பெறலாம். செல்லும்போது, எந்தப் பக்கம் வலிக்கிறது, எப்போது மிகுகிறது, விழுங்கும்போது உறுத்துகிறதா என்பவற்றை ஒரு தாளில் எழுதிக்கொண்டு போவது நல்லது. “கழுத்து வலி” என்று மட்டும் சொன்னால் மாத்திரை கிடைக்கும். “விழுங்கும்போதும் வலிக்கிறது” என்று சேர்த்துச் சொன்னால் காரணத்தைத் தேட வழி பிறக்கும்.