மடிக்கணினியின் வெம்மையும் விசிறியின் கதியும்

முல்லைத்தீவு மாவட்டத்தின் தென்கோடியில், கடலுக்கும் களப்புக்கும் இடையே அமைந்த ஊர் கொக்கிளாய். களப்பின் வாயைக் கடந்தால் அப்பால் இருப்பது திருகோணமலை மாவட்டத்துப் புல்மோட்டை. விடியுமுன் இங்கே படகை நீரில் தள்ளும் மீனவர், எஞ்சினை முடுக்கியவுடன் முதலில் நோக்குவது முன்னே விரிந்து கிடக்கும் கடலை அன்று. பின்னே திரும்பி, எஞ்சினிலிருந்து மெல்லிய நீர்த்தாரை ஒன்று வெளியே பாய்கின்றதா என்பதையே அவர் நோக்குவார். எஞ்சினைக் குளிர்விப்பதற்காக உள்ளே இழுக்கப்பட்ட நீர் தன் கடமையைச் செய்துகொண்டிருக்கிறது என்பதற்கு அத்தாரையே சாட்சி. தாரை மெலிந்தால், பாசியோ மணலோ நீர் புகும் வழியை அடைத்துவிட்டது என்று அவர் அறிவார். அவ்வாறு அறிந்தவர் எஞ்சினை மேலும் முடுக்கமாட்டார். அதனை நிறுத்தி, அடைப்பை நீக்கிய பின்னரே பயணத்தைத் தொடர்வார்.

இத்தகைய மீனவர் ஒருவரின் வீட்டை எண்ணிப் பார்ப்போம். சாதாரண தரப் பரீட்சைக்குப் படிக்கும் மகள் மாலையில் மடிக்கணினியைத் திறக்கிறாள். அது புதியதன்று, வேறொருவர் பயன்படுத்திய பின் வாங்கியது. அரை மணி நேரத்தில் அதன் அடிப்புறம் சுடுகின்றது. உள்ளிருக்கும் சிறு விசிறி இரையத் தொடங்குகின்றது. பக்கத்தில் பாட்டி உறங்குகிறார். அதிகாலையில் கடலுக்குப் போக வேண்டிய தந்தையும் படுத்துவிட்டார். “அந்த இரைச்சலைக் கொஞ்சம் குறை, பிள்ளை” என்று தாய் சொல்கிறார். விசிறியின் கதியைக் குறைக்கும் மென்பொருள்கள் உண்டு என்று யாரோ கூறியது மகளின் நினைவுக்கு வருகின்றது. குறைக்கலாமா, கூடாதா என்பதே இங்கு எழும் வினா.

வினா சிறிதாகத் தோன்றலாம். ஆயினும் அந்த இயந்திரத்துள் இருப்பவை சிறியன அல்ல. 1984ஆம் ஆண்டின் இறுதியில் ஊரைவிட்டு இடம்பெயர்ந்து, 2009இல் போர் முடிந்தபின் திரும்பி வந்து குடியேறிய குடும்பங்கள் கொக்கிளாயில் உண்டு. காணிப் பத்திரத்தின் படி, பிறப்புச் சான்றிதழின் படி, பிள்ளையின் பாடக் குறிப்பு ஆகியவை இத்தகைய வீடுகளில் ஒரே கணினியில் சேர்ந்திருக்கக்கூடும். ஒருமுறை கடதாசிகளை இழந்தவர்களுக்கு அவற்றின் படிகளையும் இழப்பது எத்தகைய துன்பம் என்பதை விளக்க வேண்டுவதில்லை.

கணினி ஏன் சூடாகின்றது என்பதை முதற்கண் நோக்குவோம். மடிக்கணினியின் மூளை எனத்தக்க செயலி, விரல்நகம் போன்றதொரு சிறு சில்லு. அதனுள் கோடிக்கணக்கான நுண்ணிய மின் ஆளிகள் வினாடிக்குப் பலகோடி முறை திறந்து மூடுகின்றன. ஒவ்வொரு முறையும் சிறிது மின்சக்தி செலவாகின்றது. செலவான சக்தி அழிவதில்லை, வெப்பமாக மாறுகின்றது. ஒரு மடிக்கணினி 30 வாற்று மின்வலுவைப் பெற்று இயங்குமாயின், ஏறத்தாழ அந்த 30 வாற்றும் இறுதியில் வெப்பமாகவே வெளியேற வேண்டும். வெளியேற வழியில்லையேல் அவ்வெப்பம் உள்ளேயே தேங்கும்.

தேங்காமல் அதனைக் கொண்டுசெல்வதற்கு ஓர் அழகிய ஏற்பாடு உள்ளே அமைந்திருக்கின்றது. செயலியின் மேல் தட்டையான செப்புக் குழாயொன்று படிந்திருக்கும். அதற்கு வெப்பக் குழாய் என்று பெயர். அமெரிக்காவின் லொஸ் அலமோஸ் ஆய்வுகூடத்தில் ஜோர்ஜ் குரோவர் என்பவர் 1963இல் செய்து காட்டிய கருவியின் வழிவந்தது அது. காற்று நீக்கப்பட்ட அக்குழாயினுள் மிகச் சிறிதளவு நீர் இருக்கும். காற்றமுக்கம் இன்மையால் அந்நீர் 100 பாகைக்கு வெகு முன்னரே ஆவியாகும். ஆவி மறுமுனைக்கு ஓடும். அங்கே குளிர்ந்து நீராகும். விளக்குத் திரியில் எண்ணெய் ஏறுவதுபோல உட்சுவரின் நுண்துளைகள் வழியே மீண்டும் செயலியிடம் வந்து சேரும். மறுமுனையில் மெல்லிய உலோகத் தகடுகள் சீப்பின் பற்கள்போல நெருங்கி நிற்கும். அவற்றினூடே காற்றைச் செலுத்தி வெப்பத்தை வெளியே தள்ளுவதே விசிறியின் பணி.

இங்கு ஒரு தவறான எண்ணத்தை நீக்கிக்கொள்ளுதல் நன்று. விசிறி குளிரை உண்டாக்குவதில்லை. பனையோலை விசிறியை வீசும்போது நமக்குக் குளிர்கின்றதென்றால், உடலின் வியர்வை ஆவியாகி வெப்பத்தைக் கொண்டுபோவது அதற்கு முக்கிய காரணம். சில்லுக்கு வியர்ப்பதில்லை. ஆதலின் எத்துணை வேகமாக விசிறி சுழன்றாலும், அறைக் காற்றின் வெப்பநிலைக்குக் கீழே செயலியைக் கொண்டுவர அதனால் இயலாது. 28 பாகை செல்சியசு உள்ள அறையில் 80 பாகையில் நிற்கும் செயலி, அதே வேலையை 36 பாகை உள்ள அறையில் செய்தால் ஏறத்தாழ 88 பாகைக்கு ஏறும். தகரக் கூரையின் கீழ், கச்சான் காற்று வறண்டு வீசும் மாதங்களின் நண்பகலில், 36 பாகை அரிதான ஒன்றன்று. மடிக்கணினியை 35 பாகைக்கு மேற்பட்ட அறையில் பயன்படுத்த வேண்டாம் என்று உற்பத்தியாளர் பலர் கூறுவதையும் இங்கே நினைவுகூரலாம்.

விசிறி எவ்வளவு காற்றைத் தள்ள வேண்டும்? ஒரு லீற்றர் காற்று ஒரு பாகை சூடேறும்போது ஏறத்தாழ 1.2 யூல் வெப்பத்தை ஏற்கும். ஆகவே 30 வாற்று வெப்பத்தை அகற்ற, வெளியேறும் காற்று உள்வந்த காற்றைவிட 20 பாகை சூடாக இருக்குமெனக் கொண்டால், வினாடிக்கு ஒன்றேகால் லீற்றர் காற்று வேண்டும். நீரோ, அதே பருமனுள்ள காற்றைவிட ஏறத்தாழ 3,500 மடங்கு வெப்பத்தை ஏற்கவல்லது. படகு எஞ்சினுக்கு மெல்லிய நீரோட்டம் போதுமாக இருக்க, கணினியின் விசிறி ஓயாது சுழல வேண்டியிருப்பதன் காரணம் இதுவே.

விசிறியின் கதிக்கும் அதன் விளைவுகளுக்கும் இடையே திட்டமான தொடர்பு உண்டு. கதியை இருமடங்காக்கினால் காற்றும் இருமடங்காகும்; ஆனால் விசிறி உண்ணும் மின்வலு எட்டு மடங்காகும்; ஓசை ஏறத்தாழ 15 டெசிபெல் உயரும். மறுபுறம், கதியை ஐந்தில் ஒரு பங்கு குறைத்தால் காற்றும் ஐந்தில் ஒரு பங்கு குறையும். ஓசையோ ஏறத்தாழ 5 டெசிபெல் தணியும். காதுக்கு இது தெளிவாகத் தெரியும் மாற்றம். சிறிது காற்றை விட்டுக்கொடுத்து ஓரளவு அமைதியைப் பெறலாம் என்னும் வகையில், தாயின் வேண்டுகோளில் நியாயம் உண்டு. ஆனால் விட்டுக்கொடுக்கத்தக்க காற்று அந்த இயந்திரத்தில் மிஞ்சியிருக்கின்றதா என்பதையே முதலில் அறிய வேண்டும்.

கொக்கிளாய் போன்ற ஊரில் பெரும்பாலும் அது மிஞ்சியிருப்பதில்லை. காரணம் கடலின் உப்பு. அலை உடையும்போது எழும் நுண்துளிகள் உலர்ந்து, உப்புத் துகள்களாகக் காற்றில் மிதந்து வருகின்றன. காற்றின் ஈரப்பதன் நூற்றுக்கு 75ஐத் தாண்டும்போது உப்பு நீரை ஈர்த்துக் கசியத் தொடங்கும். கடற்கரை ஊர்களின் இரவுகளில் இந்த அளவு எளிதில் எட்டப்படும். கசிந்த உப்பு, மணற்றூசியையும் துணிநாரையும் பற்றிப் பசைபோல் உலோகத் தகடுகளின் இடையே படிகின்றது. நாளடைவில் உலோகத்தையும் அரிக்கின்றது. வழி அடைபட்ட பின் விசிறி முழுக் கதியில் சுழன்றாலும் காற்று வெளியேறாது. ஓசை மட்டுமே வெளியேறும். பாசி அடைத்த எஞ்சினை மேலும் முடுக்குவதற்கும் இதற்கும் வேறுபாடு இல்லை.

ஆதலின் பரிகாரங்களை ஒழுங்குமுறையாகச் செய்தல் வேண்டும். முதலாவது, வழியைத் திறத்தல். மெத்தை, தலையணை, மடி ஆகியவற்றின் மேல் கணினியை வைத்தால் அடிப்புறத் துளைகள் அடைபடும். பலகையின் மேல் வைத்து, பின்விளிம்பின் கீழ் இரு சிறு மரத்துண்டுகளை இட்டு உயர்த்துதல் செலவற்ற நல்ல வழி. தூசி அகற்றுமுன் இயந்திரத்தை முற்றாக நிறுத்தி, மின்னிணைப்பைக் கழற்ற வேண்டும். அமுக்கிய காற்றைக் கொண்டு சிறிது சிறிதாக ஊதலாம். அப்போது விசிறியின் இதழ் சுழலாதவாறு மெல்லிய ஈர்க்கினால் தடுத்துக்கொள்வது அவசியம். கட்டின்றிச் சுழன்றால் அச்சு பழுதாகும். வாயால் ஊதுதல் தகாது. மூச்சின் ஈரம் உள்ளே படியும். செயலிக்கும் செப்புக்கும் இடையே இடப்படும் வெப்பப் பசை சில ஆண்டுகளில் உலர்ந்துவிடும். அதனை மாற்றுதல் பழகிய தொழிலாளரின் வேலை.

இரண்டாவது, வெப்பத்தின் பிறப்பையே குறைத்தல். செயலியின் வலு அதன் கதியோடும், அதற்கு ஊட்டப்படும் மின்னழுத்தத்தின் இருபடியோடும் வளர்வது. கதியை நூற்றுக்கு 20உம் மின்னழுத்தத்தை நூற்றுக்கு 10உம் குறைத்தால், வெப்பம் மூன்றில் ஒரு பங்குக்கு மேல் குறையும். பாடக் குறிப்பு எழுதுவோர் அந்த மந்தத்தை உணரவே மாட்டார்கள். விண்டோஸ் முறைமையின் மின்வலு அமைப்பில் செயலியின் உச்ச அளவை 100 என்பதிலிருந்து 99 ஆக்கினாலே, பல கணினிகளில் செயலி தன் இயல்பை மீறிப் பாயும் மிகைக்கதி நின்றுவிடும். வேண்டாத நிரல்களை மூடுதலும் இதனோடு சேரும்.

இவ்விரண்டையும் செய்த பின்னரே மூன்றாவதாகிய விசிறியின் கதியைத் தொடுதல் முறை. மடிக்கணினியுள் இதற்கெனவே ஒரு சிறு கட்டுப்படுத்தி உண்டு. வெப்ப உணரிகளைப் பார்த்து, இன்ன பாகைக்கு இன்ன கதி என்னும் படிநிலைகளின்படி அது விசிறியை ஆள்கின்றது. விசிறி 55 பாகையில் தொடங்குமாயின், 54இல் உடனே நிற்காது. 48 வரை இறங்கிய பின்னரே நிற்கும் என்பதுபோல் ஓர் இடைவெளி வைக்கப்பட்டிருக்கும். இன்றேல் விசிறி நிமிடந்தோறும் தொடங்கி நின்று, கேட்போரைச் சலிப்பூட்டும்.

அறிவுடன் சீர்செய்வோர் உச்சக் கதியை வெட்டுவதில்லை. தொடக்கத்தை முன்னே கொணர்கின்றனர். வெப்பம் ஏறும்வரை சும்மா இருந்து பின்னர் அலறுவதைவிட, முன்கூட்டியே மெல்லச் சுழன்றுகொண்டிருத்தல் ஓசையும் குறைவு, வெப்பமும் குறைவு. சில கணினிகளின் அடிப்படை அமைப்பில் விசிறி எப்போதும் சுழலட்டும் என்றொரு தெரிவு இருக்கும். விண்டோஸ் உள்ள பல கணினிகளில் குளிர்விக்கும் முறை பற்றிய தெரிவு உண்டு. அதில் ஒன்று, விசிறியை முதலில் விரைவாக்கிய பின்னரே செயலியை மந்தமாக்கும். மற்றையது, செயலியை முதலில் மந்தமாக்கிய பின்னரே விசிறியை விரைவாக்கும். பகலில் முன்னையதும், பாட்டி உறங்கும் இரவில் பின்னையதும் பொருந்தும். முதலில் நாட வேண்டியவை இவையும் உற்பத்தியாளரின் சொந்த மென்பொருளுமே.

பிறர் எழுதிய மென்பொருளால் விசிறியை நேரே ஆள்வதில் ஓர் ஆபத்து உண்டு. குறைந்த கதியைக் கட்டளையிட்ட நிரல் இடையில் முடங்கிவிட்டால், வெப்பம் ஏறினும் விசிறி விழித்துக்கொள்ளாது. லினக்ஸ் முறைமையில் திங்பேட் கணினிகளின் விசிறியை 0 முதல் 7 வரையான நிலைகளில் வைக்கலாம். ஆங்கே இவ்வாபத்தை எண்ணியே ஒரு காவல் ஏற்பாடும் செய்துள்ளனர்: அதனை இயக்கிவிட்டால், 120 வினாடி வரையில் குறித்ததொரு காலத்துள் புதிய கட்டளை வராதபோது ஆட்சி தானியங்கிக்கே திரும்பிவிடும். அத்தகைய காவல் இல்லாத இடத்தில் விசிறியின் கடிவாளத்தைக் கையில் எடுத்தல் விவேகம் அன்று.

அமைதியின் மீதுள்ள ஆசை பெரியோரையும் வழுக்கியதுண்டு. அப்பிள் நிறுவனம் 1980இல் வெளியிட்ட அப்பிள் 3 என்னும் கணினியில், ஓசை வேண்டாம் என்று ஸ்டீவ் ஜொப்ஸ் வற்புறுத்தியதால் விசிறியே வைக்கப்படவில்லை. தொடக்கத்தில் விற்ற இயந்திரங்கள் பழுதாகி, அவற்றை மாற்றிக்கொடுக்க நேர்ந்தது. பழுதுக்குச் சொல்லப்பட்ட காரணங்களுள் வெப்பமும் ஒன்று.

இக்காலச் செயலிகள் தம்மைத் தாமே காத்துக்கொள்ளும் திறனுடையன. ஏறத்தாழ 100 பாகையை அணுகியதும் தாமாகவே மந்தமாகும். அதற்கும் மிஞ்சினால் கணினி சட்டென அணைந்துவிடும். ஆகவே சில்லு எரிந்துபோதல் அரிது. ஆனால் அணையும் அக்கணத்தில், சேமிக்கப்படாத பாடம் போய்விடும். ஆண்டுக்கணக்கான வெம்மையால் மின்கலம் விரைவில் மூப்படையும். அரிய ஆவணங்களின் படிகளை வேறோர் இடத்திலும் வைத்திருத்தல் எந்த விசிறியாலும் தரவியலாத காப்பு.

இனி அம்மாலை வீட்டின் வினாவுக்கு விடை கூறலாம். விசிறியின் இரைச்சல் தொல்லையன்று. உள்ளே வெப்பம் தேங்குகின்றது என்னும் செய்தி. செய்தியை அடக்குவதால் வெப்பம் அடங்காது. மகள் கணினியை மெத்தையிலிருந்து பலகைக்கு மாற்றட்டும். விடுமுறை நாளில் தூசியை நீக்கட்டும். செயலியின் மிகைக்கதியைத் தணிக்கட்டும். இவை நிறைவேறியபின் விசிறி பெரும்பாலும் தானே அடங்கிவிடும். பாட்டியின் உறக்கமும் கலையாது. அப்போதும் அது இரையுமாயின், அதன் வாயை மூடாமல் காரணத்தை ஆராய்தலே தகும். படகில் நீர்த்தாரை மெலிந்ததும் எஞ்சினை நிறுத்திப் பாசியைக் களையும் தந்தைக்கு இதனை விளக்கிச் சொல்ல வேண்டிய தேவை இராது.