கம்பி மறையும் இடம்

கூண்டுக் கம்பியைப் படத்திலிருந்து மறைப்பது பெரிய வித்தை ஒன்றும் அல்ல. டெலி லென்ஸை வலையோடு ஒட்டிப் பிடித்து, அப்பர்ச்சரை எஃப் 2.8-க்கோ 4-க்கோ திறந்துவைத்து, விலங்கு வலையை விட்டு நாலைந்து மீட்டர் தள்ளி நிற்கும்வரை காத்திருந்தால் போதும். போக்கஸ் கண்ணில் நிற்கும், கம்பி கரைந்துவிடும். வலைமேல் வெயில் அடித்தால் மட்டும் படம் முழுக்க வெள்ளைப் புகை படர்ந்தது போலாகும், அதனால் நிழல் விழுந்த பக்கமாகத் தேடி நிற்பார்கள். கண்ணாடித் தடுப்பு என்றால் லென்ஸ் முனையில் ரப்பர் ஹூட். இந்த வேலைகளெல்லாம் முடிந்து கம்ப்யூட்டர் முன் உட்காரும்போதுதான் சிக்கலான கேள்வி வருகிறது. கம்பி போனது சரி, அதோடு சேர்ந்து வேறென்ன போனது?

சிங்கவால் குரங்கின் முகத்தையே எடுத்துக்கொள்வோம். கரிய முகம், சுற்றிலும் வெள்ளி நிறப் பிடரி. கேமராவின் மீட்டர் கறுப்பைப் பார்த்து ஏமாந்து வெளிச்சத்தைக் கூட்டிவிடும். பிடரி இழை தெரியாமல் பஞ்சுப் பொதியாகிவிடும். எனவே பிடரிக்கு ஏற்ற எக்ஸ்போஷரில் ரா கோப்பாக எடுத்து, லைட்ரூமில் முகத்துக்கு மட்டும் மாஸ்க் போட்டு ஷேடோவை ஏற்ற வேண்டும். கை கொஞ்சம் மீறினாலும் கறுப்பு சாம்பலாகி நாய்ஸ் கிளம்பும். நாய்ஸை ஒரேயடியாக அடக்கப் போனால் மயிர் மெழுகு பூசியதுபோல் ஆகும். அடுத்து கண். கருவிழியைக் கால் ஸ்டாப் வெளிச்சமாக்கினால் முகத்துக்கு உயிர் வந்துவிடுகிறது. அந்த விழியைத் திரையில் பெரிதாக்கிப் பாருங்கள். வானத்தின் வெள்ளைப் பொட்டுக்குக் கீழே சில சமயம் சுவரின் விளிம்பும், தடுப்போரம் நிற்கும் பார்வையாளர்களின் தலைகளும் எறும்பளவில் தெரியும். கவனத்தைக் கலைக்கிறது என்று அதையும் துடைத்துவிடுவோர் உண்டு. இத்தனை தலைகளை அந்தக் குரங்கு தினமும் பார்த்துக்கொண்டிருப்பதற்குப் படத்தில் மிஞ்சியிருந்த ஒரே சாட்சி அதுதான்.

1855-இல் சென்னையில் தொடங்கி, 1985-இல் வண்டலூரில் புது இடத்தில் திறக்கப்பட்ட உயிரியல் பூங்காவில் பல விலங்குகளுக்குக் கூண்டே கிடையாது, அகழிதான் வேலி. பின்னால் இருப்பது மரமும் புதரும். அங்கே எடுத்த சிங்கவால் குரங்கின் முகத்தையும் வால்பாறைத் தோட்டங்களின் ஓரம் எடுத்த முகத்தையும், இரண்டுக்கும் பின்னால் மங்கிய பச்சையோடு, அருகருகே வைத்தால் எது பூங்கா, எது மலை என்று கேட்பவருக்குப் பதில் சொல்வது கடினம். என் வாதம் இந்தப் பச்சையைப் பற்றியதுதான். எடிட்டிங்கில் சேர்க்கும் கறுப்புப் பின்னணியைப் போலி என்று பலர் முகம் சுளிக்கிறார்கள். எந்தக் காட்டிலும் கறுப்புத் திரை தொங்குவதில்லை; அதைப் பார்த்து யாரும் காடு என்று நம்பப்போவதும் இல்லை. மங்கிய பச்சையோ ஒரு வார்த்தை சொல்லாமல் நம்பவைத்துவிடுகிறது. அதற்கு எடிட்டிங்கூட வேண்டாம், லென்ஸே போதும்.

அமெரிக்க ஒளிப்படக்காரர் ஜோயல் சார்ட்டோரியின் ‘போட்டோ ஆர்க்’ திட்டம், கறுப்பு ஏமாற்றுவதில்லை என்பதற்கு நல்ல சான்று. நெப்ராஸ்காவின் லிங்கன் நகரச் சிறுவர் உயிரியல் பூங்காவில் மயிரற்ற ஒரு வளை எலியோடு தொடங்கிய அந்த வேலை, இன்று 15,000 இனங்களைத் தாண்டிவிட்டது. எல்லாமே மனிதப் பராமரிப்பில் உள்ள விலங்குகள். பின்னணி கறுப்பு அல்லது வெள்ளை, வேறில்லை. பின்னணியில் அளவுகாட்ட எதுவும் இல்லாததால் எலியும் யானையும் ஒரே பருமனில் நம்மைப் பார்க்கின்றன. அது நோக்கத்தோடு செய்தது என்று அவரே சொல்லியிருக்கிறார். கறுப்பும் சிமென்ட் தரையை மறைக்கிறதே என்று கேட்கலாம். மறைக்கத்தான் செய்கிறது. விலங்கு எப்படி வைக்கப்பட்டிருக்கிறது என்பதை அந்தப் படம் சொல்லாது. அதற்குத் தள்ளி நின்று எடுத்த இன்னொரு படம் வேண்டும். ஆனால் ஒன்றைச் சொல்லாமல் விடுவதற்கும், வேறொன்றை நம்பச் செய்வதற்கும் இடையே தூரம் இருக்கிறது.

போட்டி விதிகள் இந்தத் தூரத்தைச் சரியாக அளப்பதில்லை. நம் ஊர் கேமரா கிளப்புகளுக்குப் பழக்கமான ஃபியாப் அமைப்பின் வரையறைப்படி, பூங்கா விலங்கு ‘வைல்டுலைஃப்’ பிரிவுக்கு வரக் கூடாது, இது நியாயமானது. படத்தில் எதையும் சேர்க்கவோ, நகர்த்தவோ, நீக்கவோ கூடாது, க்ராப் செய்து வெட்டுவதைத் தவிர. இந்த விதிவிலக்கில்தான் எனக்கு உறுத்தல். 1921-இல் ஆஸ்திரேலிய அருங்காட்சியகத்தின் இதழில் ஹென்றி பர்ரெல் எடுத்த ஒரு படம் வந்தது: வாயில் கோழியைக் கவ்வியபடி ஒரு டாஸ்மேனியப் புலி, அதாவது தைலசின். வெட்டாத மூலப் படத்தில் வேலியும் அடைப்பும் இருக்கின்றன. அச்சான படத்தில் அவை இல்லை. படத்திலிருப்பது பாடம் செய்த உடலே என்று பின்னாளில் வாதிட்ட ஆய்வாளரும் உண்டு. டாஸ்மேனிய அரசு ஏற்கெனவே 1888 முதல் 1909 வரை தலைக்கு ஒரு பவுண்டு சன்மானம் கொடுத்து 2,000-க்கும் மேற்பட்ட தைலசின்களைக் கொல்லவைத்திருந்தது. படம் வந்த காலத்தில் எஞ்சியவை சொற்பம். கோழித்திருடன் என்ற பழியை அந்தப் படம் மேலும் பரப்பியிருக்கலாம். அதற்கு க்ளோன் ஸ்டாம்ப் தேவைப்படவில்லை. எல்லா விதிகளும் அனுமதிக்கும் கத்தரிதான் வேலையை முடித்தது.

ஃபிலிம் காலத்தில் டார்க்ரூமில் வெளிச்சத்தைக் கூட்டிக் குறைக்கவில்லையா என்று கேட்பவர்களோடு எனக்குச் சண்டை இல்லை. ஷேடோவை ஏற்றுங்கள், பிடரியை அடக்குங்கள். ஆனால் மூக்கைச் சட்டத்தில் தேய்த்துத் தேய்த்து மயிர் உதிர்ந்த கரடியின் வழுக்கையை ஹீலிங் பிரஷ்ஷால் நிரப்பும்போது அது முக அலங்காரமாக இருப்பதில்லை. அடைபட்ட வாழ்க்கையின் தழும்பை அழிப்பதாகிறது. தலைப்பில் ‘பூங்கா விலங்கு’ என்று போட்டுவிட்டால் போதாதா என்றால், வாட்ஸ்அப்பில் ஒருமுறை ஃபார்வர்டு ஆனதும் தலைப்பு உதிர்ந்துவிடுகிறது, படம் மட்டும் போகிறது. பொழுதுபோக்காக எடுப்பவரிடம் இவ்வளவு கறார் எதற்கு என்பது இன்னொரு கேள்வி. வீட்டுச் சுவரில் மாட்டுவதற்கு நானும் கறார் காட்டவில்லை. ஆனால் போட்டிக்கு அனுப்பினால் கதை வேறு. 2009-ஆம் ஆண்டுக்கான வைல்டுலைஃப் போட்டோகிராஃபர் விருது பெற்ற, கதவைத் தாண்டும் ஓநாயின் படம், அது பழக்கப்பட்ட ஓநாயாக இருக்கவே வாய்ப்பு அதிகம் என்று நடுவர்கள் முடிவுசெய்ததால் 2010-இல் நீக்கப்பட்டது. எடுத்தவர் அதை மறுத்தார். அந்தப் படத்தில் நுட்பக் குறை என்று யாரும் எதையும் சுட்டவில்லை. அது காட்டு ஓநாய்தானா என்பது மட்டுமே விவகாரம்.

இன்று போட்டோஷாப்பின் ஜெனரேட்டிவ் ஃபில் சிமென்ட் தரையில் அரை நிமிடத்தில் புல் முளைக்க வைக்கிறது. அதைக் கண்டு பதறுபவர்கள், திறந்த அப்பர்ச்சரும் க்ராப்பும் இதே வேலையை வெகுகாலமாகச் செய்துவருவதை மறந்துவிடுகிறார்கள்.

எதிர்த்திசையிலும் ஓர் உதாரணம் உண்டு. 1933-இல் ஹோபார்ட் பூங்காவில் டேவிட் ஃப்ளே தைலசினைப் படம்பிடித்தார். அது அவரைப் பின்புறத்தில் கடித்தும் வைத்தது. பிடிபட்டு வாழ்ந்தவற்றில் கடைசி என்று அறியப்படும் தைலசின் 1936 செப்டம்பர் 7 அன்று இறந்தது. ஃப்ளேயின் அந்தக் கறுப்பு வெள்ளைக் காட்சிக்கு 2021-இல் வண்ணம் ஏற்றினார்கள். எந்த மயிர் எந்த நிறம் என்று தெரிந்துகொள்ள அருங்காட்சியகத் தோல்களின் துணை வேண்டியிருந்தது. முதுகின் வரிகளுக்குப் பழுப்பு வந்தது, கொட்டாவி விடும் வாய்க்கு நிறம் வந்தது. பின்னாலிருந்த கம்பி வேலி இருந்த இடத்திலேயே இருக்கிறது.

(தொடரும்)